எல்லைக்கல்லும் என் சர்க்கரையும்

வயலில் கிடக்கிற ஒரு எல்லைக்கல், வீட்டில் இருக்கிற மனுஷிக்குச் சர்க்கரையை ஏற்றும் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. நானும் இப்போது சிரித்துக்கொண்டேதான் சொல்கிறேன். ஆனால் போன வருஷம் பங்குனியில், திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சிலும் கை காலிலும் ஒயரை ஒட்டி என்னைப் படுக்க வைத்திருந்தபோது சிரிப்பு வரவில்லை. என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். பிள்ளை உண்டாகியிருந்த மகளின் முகம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது. அந்த இடத்திலிருந்து என்னை எழுப்பிக் கூட்டி வந்தவர் காணிப்பாக்கத்துப் பிள்ளையார். அவரை நம்புகிற உங்களிடம் அதைச் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

என் பேர் வள்ளியம்மா. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, விஜயபுரம் மண்டலத்தில் ஒரு சின்ன ஊர். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிறோம். வீட்டுக்காரர் முனிரத்தினம் அதிர்ந்து பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன். பக்கத்து வீட்டில் அவருடைய தம்பி தாமோதரமும், அவன் பெண்டாட்டி சுகுணாவும். சுகுணா எனக்கு ஓரகத்தி. எனக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை, அவளுக்கும் கொஞ்ச வருஷமாகச் சர்க்கரை. அதில் மட்டும் எங்களுக்குள் சண்டை கிடையாது.

மாமனார் போன பிறகு அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பாகம் பிரித்து நடுவில் ஒரு கல்லை நட்டார்கள். கல்லுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தோத்தாபுரி மாமரம் வந்தது. அந்தப் பங்குனிக்கு முந்தின ஐப்பசியில் உழவு முடிந்து, மழையும் விட்ட பிறகு நான் வயலுக்குப் போனேன். பார்த்தால் மரம் அவர்கள் பாகத்தில் நிற்கிறது! மரம் என்ன நடந்தா போகும்? கல்தான் மரத்துக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது.

அங்கேயே கத்த ஆரம்பித்தவள்தான். வரப்பிலிருந்து வீடு வரைக்கும் கத்திக்கொண்டே வந்தேன். சுகுணா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி, கல்லை நகத்திட்டா மரம் உன்னுதா ஆயிடுமா?"

"இன்னாக்கா சொல்றே? நான் ஏன் நகத்துறேன்? என்னைத் திருடின்றியா நீ?"

"பின்ன, கல்லுக்குக் கால் முளைச்சுதா?"

அன்றோடு பேச்சு நின்றது. ஒரே சுவர், ஒரே தெரு, ஒரே தண்ணீர்க் குழாய். அவள் குடத்தை வைத்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். நான் கோலம் போட்டால் அவள் ஓரமாக ஒதுங்கிப் போவாள். எங்கள் ரெண்டு பேருக்கும் டாக்டர் மாம்பழம் தின்னக் கூடாது என்று சொல்லியிருந்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். தின்ன முடியாத பழத்துக்குத்தான் இவ்வளவும். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பகலெல்லாம் அவளையே நினைத்துக்கொண்டிருப்பேன். மனதுக்குள்ளேயே அவளோடு சண்டை போட்டு, மனதுக்குள்ளேயே ஜெயிப்பேன். ஜெயித்தாலும் ஆத்திரம் அடங்காது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். தூக்கம் போனது. சர்க்கரை ஏற ஆரம்பித்தது. அரிசியைக் குறைத்துக் களிக்கு மாறினேன். காப்பியில் சர்க்கரையை விட்டேன், அப்புறம் காப்பியையே விட்டேன். கசக்கிற காய் ஒன்று பாக்கி வைக்கவில்லை. அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை.

பங்குனியில் ஒரு காலை, சுகுணா அந்த மாமரத்தடியில் விழுந்த பிஞ்சுகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகப் போனாள். மாவடு போடுவாளாம். பார்த்தேன். நெஞ்சில் யாரோ உலக்கையை வைத்து அழுத்தியதுபோல் இருந்தது. வேர்த்துக் கொட்டியது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் அலறிக்கொண்டு ஓடி வந்தார். தாமோதரம்தான் காரை ஏற்பாடு செய்தான். சுகுணா வந்து காரின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பார்க்கவில்லை. உயிர் போகிற நேரத்திலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவ்வளவு வீம்பு.

திருப்பதியில் பார்த்தது ஒரு லேடி டாக்டர். எல்லா டெஸ்ட்டும் எடுத்தார்கள். ரத்தக் குழாயில் இன்னும் அடைப்பு இல்லை, ஆனால் இப்படியே போனால் வரும், பிபியும் சர்க்கரையும் சேர்ந்து இதயத்தைக் கெடுக்கிறது என்றார். பிறகு பிபி பார்க்கக் கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டார்:

"ஏமம்மா, இண்ட்லோ டென்ஷன்லு ஏமன்னா உன்னாயா?"

வீட்டில் ஏதாவது டென்ஷன் உண்டா என்று கேட்கிறார். எனக்கென்ன டென்ஷன், ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வாயில் சுகுணா வந்துவிட்டாள். ஐப்பசி மழையிலிருந்து மாவடு வரைக்கும் பாதித் தமிழிலும் பாதித் தெலுங்கிலும் கொட்டித் தீர்த்தேன். பட்டை கையிலேயே இருந்தது. டாக்டர் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி மிஷினைப் பார்த்தார்.

"ஆப்பண்டம்மா, ஆப்பண்டி!" என்று கையைக் காட்டி என் பேச்சை நிறுத்தினார். "நீங்க பேசப் பேச பிபி ஏறிக்கிட்டே போகுது."

அவருக்குத் தமிழும் நன்றாக வந்தது. பொறுமையாக விளக்கினார். கோபமும் கவலையும் வந்தால் உடம்பு ஏதோ ஆபத்து என்று நினைத்துக்கொள்ளுமாம். ஓடுவதற்கோ அடிப்பதற்கோ பலம் வேண்டும் என்று, உள்ளே சேர்த்து வைத்திருக்கிற சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடுமாம். இதயத்தையும் வேகமாக அடிக்கவைக்குமாம். எப்போதோ ஒரு தரம் என்றால் உடம்பு தாங்கிக்கொள்ளும். தினமும் காலை முதல் ராத்திரி வரைக்கும் என்றால் எந்த இதயம் தாங்கும்?

"மாத்திரையை விடாதீங்க, வேளைக்குச் சாப்பிடுங்க, தினமும் நடங்க. இந்தச் சண்டையையும் ஒரு முடிவுக்குக் கொண்டு வாங்க. இல்லாட்டி மகளோட பிரசவத்துக்கு நீங்க துணைக்குப் போக முடியாது. உங்களுக்கே துணைக்கு ஆள் வேணும்" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைச் சுட்டது. மகள் கீதாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து நின்ற பிள்ளை அது. ஆவணியில் பிரசவம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் நான் தேறியாக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பிள்ளையார் படத்தின் முன்னால் விழுந்தேன். இனி மருந்தோடு பிரார்த்தனையும் சேரட்டும் என்று, காலையில் குளித்ததும் ஒரு மணி நேரம் பூஜை அறையில் உட்கார ஆரம்பித்தேன்.

கீதா சர்க்கரை பார்க்கிற மிஷின் ஒன்று வாங்கி அனுப்பியிருந்தாள். எழுந்ததும் விரலைக் குத்திப் பார்ப்பேன், சுமாராக இருக்கும். ஒரு நாள் சந்தேகம் வந்து பூஜை முடிந்த கையோடு இன்னொரு தரம் பார்த்தேன். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நன்றாக ஏறியிருக்கிறது! மிஷின் கெட்டுவிட்டது என்று வீட்டுக்காரர் விரலைப் பிடித்துக் குத்தினேன். அவருக்குச் சரியாகத்தான் காட்டியது. மறுநாளும் அதே கதை.

"உண்மையைச் சொல்லுமே. சாமிக்கு வெச்ச வெல்லத்தைத் துன்றியா?"

"அய்ய, நான் எங்கய்யா துன்னேன்? வேணும்னா வெளிய நின்னு கேட்டுக்கினு இரு!"

காப்பி டம்ளரோடு கதவுக்கு வெளியே நின்று கேட்டார். உள்ளே நான் என்ன பிரார்த்தனை செய்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். "சாமி, எனக்கு உடம்பு தேறணும்" என்று ஒரு வரி. மீதி நேரமெல்லாம், "கல்லை நகத்தின கை விளங்காமப் போகணும், சோத்தைப் பிசைய முடியாமப் போகணும், எங்கிட்டயே வந்து கெஞ்சணும்" என்று கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அர்ச்சனை. பிள்ளையாருக்கு ஒரு மணி நேரம் சுகுணாவைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தால் சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்? வெளியே வந்தபோது வீட்டுக்காரர் முகம் வெளிறிப்போயிருந்தது. பாவம், பெண்டாட்டி மேல் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே அவருக்கு வலது தோளில் பிடித்துக்கொண்டது. கையைத் தூக்க முடியவில்லை என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

வைகாசி வந்தது. மரம் காய்த்துக் குலுங்கியது. இதற்கு மேல் தாங்க முடியாது, டாக்டரம்மா சொன்னபடி ஒரு முடிவு கட்டிவிட வேண்டும் என்று வேலிப் பக்கம் போய் நின்றேன்.

"நீ நகத்தலைன்னா காணிப்பாக்கம் வந்து சத்தியம் பண்ணுடி!"

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. குளத்தில் முழுகி, ஈரத் துணியோடு அந்தப் பிள்ளையார் முன்னால் நின்று பொய்ச் சத்தியம் செய்தால் அவர் சும்மா விடமாட்டார். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட அங்கே சொல்லத் துணியமாட்டான். சுகுணா பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்:

"வர்றேன். எந்த பஸ்ஸு?"

பயந்தது வேறு ரெண்டு பேர். "அவ்ளோ தூரம் எதுக்குமே? நம்ம ஊரு மாரியம்மன் கோயில்லயே முடிச்சிக்கலாமே" என்றார் என் வீட்டுக்காரர். தாமோதரத்துக்குத் திடீரென்று வயிற்றுப்போக்கு. நாள் தள்ளிப் போனது. அடுத்த வாரம் மறுபடி கிளம்பினோம், மறுபடி வயிற்றுப்போக்கு. சுகுணாவே அவனை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

நகரியில் ஏறிச் சித்தூரில் இறங்கினோம். சத்தியத்துக்குப் போகிறவள் வெறும் வயிற்றோடு போனால்தான் பலம் என்று நான் விரதம் இருந்தேன். மாத்திரையை விடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தாரே, அதை மட்டும் போட்டுக்கொண்டேன். டாக்டர் சொன்னதையும் கேட்டாயிற்று, சாமிக்கும் குறை வைக்கவில்லை என்று எனக்கு ஒரே பெருமை. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் சுகுணா நாலு இட்லியைச் சட்னியோடு ஒரு பிடி பிடித்தாள். சத்தியம் பண்ணப் போகிறவள் தின்கிற தீனியா இது, இவள் தோற்றாள் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

காணிப்பாக்கத்தில் நல்ல கூட்டம். குளத்தங்கரையில் நாங்கள் நாலு பேரும் நின்றோம். இறங்குவதற்கு முன்னால் கோபுரத்தைப் பார்த்துக் கை கூப்பினேன். எப்போதும் சொல்கிற அர்ச்சனையை ஆரம்பித்தேன். ஆனால் பசியில் வார்த்தை ஒன்றும் வரவில்லை. "சாமி, எனக்கு முடியல. எது உண்மையோ அதைக் காட்டிடு. என்னை என் பொண்ணுகிட்ட கொண்டுபோய்ச் சேத்துடு" என்று மட்டும் வாயில் வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது.

முழுகி எழுந்தேன். கை நடுங்கியது. குளத்துத் தண்ணீரையும் மீறி வேர்வை கொட்டியது. கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. குற்றம் சொன்ன என்னையே சாமி பிடித்துவிட்டாரோ? நான்தான் பொய்யோ? அவ்வளவுதான் ஞாபகம், படியில் சரிந்துவிட்டேன்.

என்னைத் தாங்கிப் பிடித்தது சுகுணா.

"அக்கா! அக்கா, வாயத் தொற! இது லோ சுகர்க்கா. எனக்கும் வந்துகீது. மாத்திரையப் போட்டுக்கினு பட்டினியாவா வந்தே, பைத்தியக்காரி!"

முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெல்லக் கட்டியை என் வாயில் வைத்து, கரைகிற வரைக்கும் தாடையைப் பிடித்துக்கொண்டாள். எட்டு வருஷமாக எல்லோரும் என் வாயிலிருந்து இனிப்பைப் பிடுங்கியவர்கள்தான். ஊட்டியவள் அவள் ஒருத்திதான்.

அதற்குள் அங்கே வேறு ஒரு கூத்து. நான் விழுந்ததைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் சாமி தண்டிக்க ஆரம்பித்துவிட்டார் என்று முடிவு கட்டிவிட்டார். அதிர்ந்து பேசாத மனுஷர், கரையில் நின்ற கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிறாற்போல் அலறினார்:

"சாமி, அவளை வுட்டுடு! கல்லை நகத்துனது நான்தான்! என் கைய எடுத்துக்கோ சாமி!"

தாமோதரம் கோபுரத்தைப் பார்த்து விழுந்தான். "நானும்தான் சாமி! நானும்தான் புடிச்சித் தூக்கினேன்!"

விஷயம் இதுதான். உழவுக்கு வந்த டிராக்டர் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் திரும்ப முடியவில்லையாம். அண்ணனும் தம்பியும் கல்லைப் பெயர்த்து ஓரம் வைத்து உழுதிருக்கிறார்கள். முடிந்ததும் நட்டுவிடலாம் என்று. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு அவசர அவசரமாக நட்டதில் மரத்துக்கு எந்தப் பக்கம் என்று ரெண்டு பேருக்கும் மறந்துபோயிற்று. திருத்தலாம் என்று நினைப்பதற்குள் நான் வரப்பிலிருந்து கத்திக்கொண்டே வந்துவிட்டேன்.

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே?" என்று சுகுணா தன் புருஷனைக் கேட்டாள். என் தலை இன்னும் அவள் மடியில்தான் இருந்தது.

"எப்படிச் சொல்றது? அண்ணி அந்தக் கத்து கத்துது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னே போயிடுச்சி" என்றான் தாமோதரம்.

என் வீட்டுக்காரர் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் காலையில் யாருடைய கை விளங்காமல் போகணும் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்? வெளியே காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்ற என் புருஷனுடைய கை! எனக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு சிரிப்பு வந்தது. சுகுணாவும் சிரித்தாள். ஈரச் சேலையோடு ரெண்டு பேரும் குளத்துப் படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில், யாரோ ஒரு அம்மா சாமி வந்துவிட்டது என்று எங்களைக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சத்தியம் யாரும் செய்யவில்லை. நாலு பேருமாகப் போய் தரிசனம் செய்தோம். "மன்னிச்சிடு சுகுணா, உன்னைத் திருடின்னுட்டேன்" என்றேன். "வுடுக்கா, நானும் உன்னைப் பாக்க வெச்சே மாவடு பொறுக்கினேன்" என்றாள். கழுதை, வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாள்.

அன்று ராத்திரி பிணம் போலத் தூங்கினேன். மறுநாள் காலையில் சுகுணா வந்து கதவைத் தட்டினாள், நடக்கப் போகலாம் என்று. அன்றிலிருந்து ரெண்டு பேரும் வயல் வரைக்கும் நடக்கிறோம். மாத்திரையை விடவில்லை, நீங்களும் விடாதீர்கள். ஆடியில் திருப்பதிக்குப் போனபோது டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிபியும் இறங்கியிருந்தது, சர்க்கரையும் இறங்கியிருந்தது. என்ன செய்தீர்கள் என்று கேட்டார். "மேடம், பிரார்த்தனையைச் சுருக்கிட்டேன்" என்றேன். பட்டையைக் கட்டிக்கொண்டு சுகுணா கதையை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மிஷின் அசையவில்லை.

ஆவணியில் கீதாவுக்குப் பெண் குழந்தை. பிரசவ அறைக்கு வெளியே நானும் சுகுணாவும்தான் உட்கார்ந்திருந்தோம். குழந்தையை முதலில் என் கையில் கொடுத்தார்கள். என் நெஞ்சு பதறவில்லை, கை நடுங்கவில்லை. நான் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். தோள் பிடிப்பு விட்டிருந்தது. அவர் குழந்தையை வாங்கி ஆட்டுகிற கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிள்ளையாரே, நான் தினமும் ஒரு மணி நேரம் கேட்டதை நீ கொடுத்திருந்தால் என் பேத்தியைத் தூக்க இந்தக் கை இருந்திருக்குமா? நான் மூச்சுமுட்டக் கேட்டதையெல்லாம் காதில் வாங்காமல், பசியில் உளறின ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டாயே!

கல் இன்னும் தப்பான இடத்தில்தான் இருக்கிறது. எடுத்து நடுகிறோம் என்று அண்ணனும் தம்பியும் கடப்பாரையோடு கிளம்பினார்கள். அதைத் தொட்டால் காணிப்பாக்கம்தான் என்று நாங்கள் ரெண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். இந்த வருஷமும் மரம் நன்றாகக் காய்த்தது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆளுக்கு ஒரு கீற்று தின்றோம்.

யார் மேலாவது மனத்தாங்கலை வைத்துக்கொண்டு தூக்கம் கெட்டுக் கிடக்கிறவர்கள் உங்களில் இருந்தால் அந்த ஆளையும் கூட்டிக்கொண்டு காணிப்பாக்கம் வாருங்கள். அவர் பார்த்துக்கொள்வார். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இட்லியை மட்டும் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.